துவக்கும் பத்திரமும்

துப்பாக்கி, துவக்கு என்ற இரு சொற்களும் துருக்கி மொழிவழி நம்மிடம் வந்தவை. ஈச்சிலம்பற்றில் துவக்கு போருக்கு முன்பே பயிர்க் காவலுக்கு இருந்தது. வெருகல் ஆற்றோரத்து வயலையும் சேனையையும் பன்றியும் யானையும் விட்டுவைப்பதில்லை.

துவக்கை வைத்திருப்பதற்கும் செய்வதற்கும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்கிறது. இதில் விவசாயிகள் ஒரே கருத்தினர் அல்லர். பத்திரத்தோடு சொட்கன் வைத்திருப்போர், ஆண்டுதோறும் புதுப்பிப்பதால் துவக்குக்கு ஒரு பொறுப்பாளி இருக்கிறான் என்பர். மற்றோரோ, பன்றி பத்திரம் வரும்வரை காத்திருக்காது என்று இரும்புக் குழாயில் இடியன் துவக்கைத் தாமே செய்துகொள்வர். பதிவில் பெயர் இருப்பதே ஆபத்து என்பதும் அவர்கள் வாதம். 1980களில் வடக்குக் கிழக்கில் இயக்கங்கள் உரிமையாளர்களிடமிருந்து சொட்கன்களைப் பறித்ததை நினைத்தால் அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது.

அமெரிக்காவிலும் இதே தர்க்கம்தான். அங்கே மத்தியச் சட்டப்படி ஒருவர் சொந்தப் பாவனைக்கு ஏ.ஆர்.-15 வகைத் துவக்கை உரிமமின்றியே வீட்டில் பொருத்திக்கொள்ளலாம். சில மாநிலங்கள் அதைக் கட்டுப்படுத்துகின்றன. துவக்குப் பிரியர்களே இதில் பிளவுபட்டிருக்கிறார்கள்.

நான் கோடு போடுவது வேறிடத்தில். மிருகம் வரும் தடத்தில் கம்பி இழுத்து வைக்கும் கட்டுத்துவக்கு பன்றியையும் விறகுக்குப் போன மனிதனையும் பிரித்தறியாது. செய்தவன் அப்போது வீட்டில் உறங்குவான். வைத்திருப்பதா, செய்வதா என்ற வாதத்துக்கு முன்னால், விசையருகே ஒரு கண் இருக்கிறதா என்றே நான் கேட்பேன்.