காந்தலும் பிரபுவின் விருந்தும்



போன வாரம் பேத்தி போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "ஆச்சி, இதைச் செய்வோமா?" என்றாள். பாலிலும் க்ரீமிலும் வெந்த உருளைக்கிழங்கு, மேலே செவசெவ என்று ஆடை. பெயர் கிராட்டின். செய்துகொண்டிருக்கும்போதே கேட்டாள்: "அப்படின்னா என்ன அர்த்தம்?"

தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

பிரெஞ்சில் 'சுரண்டுதல்' என்ற சொல்லிலிருந்து வந்தது கிராட்டின். சட்டியில் ஒட்டிக்கொண்டு, சுரண்டித் தின்கிற பகுதி. நம் ஊர் பால் சட்டிக் காந்தல்தான்! சின்ன வயதில் அதற்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அதே சொல்லை பிரெஞ்சுக்காரர்கள் மேல்தட்டுப் பெரிய மனிதர்களைக் குறிக்கவும் வைத்துக்கொண்டார்கள்.

உருளைக்கிழங்கையே பிரான்சில் பலர் நெடுங்காலம் பன்றித் தீனியாகத்தான் பார்த்தார்கள். தின்றால் தொழுநோய் வரும் என்ற பயம் வேறு. பார்மான்தியே என்ற மருந்தாளுநர் ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவில் கைதியாக இருந்தபோது உருளைக்கிழங்கு தின்றே பிழைத்தவர். திரும்பி வந்து அதற்காக வாதாடினார். 1772-இல் பாரிஸ் மருத்துவ அறிஞர்கள் இது உண்ணத் தகுந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். புகழ் முழுதும் அவருக்கே போனது. ஆனால் தென்கிழக்கே ஆல்ப்ஸ் மலையடியில், தோஃபினே மாகாணத்துக் குடியானவர்கள் பாரிஸின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. முன்பே பயிரிட்டு உண்டார்கள்.

அந்த மாகாணத்தின் பெயரில்தான் இது 'கிராட்டின் தோஃபினுவா'. இந்தப் பெயர் முதலில் பதிவானது 1788 ஜூலை 12 அன்று. மாகாணத்தின் படைத்தலைவரான கிளெர்மோன்-தொனேர் பிரபு, காப் என்ற ஊரின் நகர அதிகாரிகளுக்கு வைத்த விருந்து அது. சின்னஞ்சிறு பறவைக் கறியோடு பரிமாறினார்களாம்.

தேதியைக் கவனியுங்கள். அதற்கு ஐந்து வாரம் முன்பு, ஜூன் 7 அன்று, அதே மாகாணத்தின் கிரெனோபிள் நகரில் மக்கள் கூரைமேல் ஏறி அரசப் படைமீது ஓடுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நீதிபதிகளை ஊரைவிட்டு அனுப்ப அரசு உத்தரவிட்டதுதான் காரணம். கூட்டம் புகுந்தது இதே பிரபுவின் மாளிகைக்குள்! அவர் பணிந்துபோக வேண்டியதாயிற்று. விருந்துக்கு மறுநாள், ஜூலை 13, வட பிரான்சில் பேய் ஆலங்கட்டி மழை. விளைந்து நின்ற கோதுமை நாசம். ரொட்டி விலை ஏறியது. மறு ஆண்டு ஜூலை 14-இல் பாஸ்டில் சிறை விழுந்தது. பாடப் புத்தகத்தில் நாம் புரட்சியைத் தொடங்குவதே அங்கிருந்துதான். கூரை ஓட்டுக்கும் பாஸ்டிலுக்கும் நடுவில் ஒரு கிழங்குத் தட்டு இருந்ததை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

இனி சமையல். முதல் தடவை, சீவிய கிழங்கை நம் வழக்கப்படி மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். பால் கெட்டியாகவே இல்லை, பாயசம் மாதிரி ஆடிற்று. மாவுச்சத்துதான் பாலை இறுக்குகிறது. அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்! தோல் சீவுமுன் கழுவுங்கள், துண்டு போட்டபின் வேண்டாம். ஒரு கிலோ கிழங்கு, ஒரு ரூபாய்க் காசு கனத்தில். அரை லிட்டர் பால், 200 மில்லி க்ரீம், நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகு. சீக்கிரம் ஆகவேண்டுமென்றால் முதலில் அடுப்பிலேயே இளந்தீயில் பத்து நிமிடம், அடிப்பிடிக்காமல் கிளறி வேகவிட்டு, பிறகு பூண்டு தேய்த்த தட்டில் பரப்பி ஓவனில் 200 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். மேல் சிவந்ததும் எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சீஸ் போடலாமா என்று அந்த ஊரிலேயே இன்னும் சண்டை. நாங்கள் போடவில்லை.

தட்டின் ஓரத்தில் ஒட்டியதைப் பேத்தி கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அது காந்தல். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? கீழே எழுதுங்கள்.