குற்றவாளி கலப்பா, அளவா?

குடித்தவனுக்கு மறுநாள் காலையில் தலைவலி மட்டும் போதுவதில்லை. அந்தத் தலைவலிக்கு ஒரு குற்றவாளியும் வேண்டியிருக்கிறது. "கண்டதையும் கலந்து குடித்தேன், அதுதான் வினை!" என்கிறான். "அதிகமாகக் குடித்துவிட்டேன்" என்று சொல்கிறவன் அபூர்வம். இந்தச் சாக்குக்கு நீண்ட சரித்திரம் உண்டு.

பழைய கிரேக்கர்கள் திராட்சை மதுவில் தண்ணீர் கலந்து குடிப்பதே நாகரிகம் என்று கருதியவர்கள். மறுநாள் அவஸ்தைக்குக் 'கிரைபலே' என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'பிரச்னைகள்' என்ற நூலில் ஒரு வேடிக்கையான கேள்வி வருகிறது. கொஞ்சமாகத் தண்ணீர் கலந்த மதுவைக் குடித்தவன், தனி மது குடித்தவனைவிட அதிகமாக அவஸ்தைப்படுவது ஏன்? பதில் இரண்டு. நீர்த்த மது மெல்லியதாகையால், துணியில் ஈரம் ஊறுவதுபோல் உடம்பின் சந்து பொந்துகளிலெல்லாம் புகுந்துவிடும். வெளியேறுவது கடினம் என்பது ஒன்று. தனி மதுவை அதிகம் குடிக்க முடியாது, குடித்தாலும் வாந்தியாகிவிடும் என்பது மற்றொன்று. முதல் பதில் கலப்பின்மேல் பழி போடுகிறது, இரண்டாவது, அளவின்மேல். ஆக, வழக்கில் அன்றே இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிட்டன.

பிற்காலத்தில் கலப்புக் கட்சிதான் ஓங்கியது. பீருக்குமேல் ஒயின் குடிக்கலாம், ஒயினுக்குமேல் பீர் ஆகாது என்று ஜெர்மானியர்களிடையே ஒரு பழமொழி உண்டு. இங்கிலீஷ்காரர்களும் இதே ரீதியில் சொல்லி வைத்திருக்கிறார்கள். பழமொழிக்கு எதுகை நன்றாக அமைந்துவிட்டால் அப்புறம் அதனிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை!

கடைசியில் சாட்சி கேட்டவர்கள் ஜெர்மனியின் விட்டன்-ஹெர்டெக்கே சர்வகலாசாலையையும் கேம்பிரிட்ஜையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள். 2019-இல் வெளிவந்த அவர்கள் பரிசோதனையில், 19 முதல் 40 வயது வரையுள்ள 90 பேர் மூன்று கோஷ்டிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு கோஷ்டிக்கு முதலில் பீர், பிறகு வெள்ளை ஒயின், இன்னொன்றுக்கு நேர்மாறாக, மூன்றாவது கோஷ்டியில் ஒருவருக்கு ஒரே வகைதான். ஒரு வாரத்துக்குப் பிறகு முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் மறுநாள் தாகம், களைப்பு, தலைவலி, குமட்டல் எல்லாவற்றுக்கும் மார்க்குப் போடச் சொன்னார்கள். வரிசையை மாற்றியதாலும் வித்தியாசமில்லை, கலந்ததாலும் வித்தியாசமில்லை. முதல் நாள் இரவு தனக்கு எவ்வளவு போதை ஏறியதாக ஒருவனுக்குத் தோன்றியது, வாந்தி எடுத்தானா, இந்த இரண்டும்தான் மறுநாள் நிலையைக் காட்டிக் கொடுத்தன.

அப்படியானால் எல்லாச் சரக்கும் ஒன்றுதானா? இல்லை. 2010-இல் பிரசுரமான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் போர்பன் விஸ்கியையும் வோட்காவையும் ஒப்பிட்டார்கள். சாராயம் தவிர்ந்த உபபொருள்கள் போர்பனில் 37 மடங்கு அதிகம். போர்பன் குடித்தவர்களே மறுநாள் அதிகம் முனகினார்கள். ஆனால் கவனத்தையும் சுறுசுறுப்பையும் சோதித்தபோது இரு சாராரும் ஒரே மாதிரிதான் தடுமாறினார்கள். இதுதான் என்னை யோசிக்க வைத்த விஷயம். தலை வலிக்கவில்லை என்று தெம்பாக மோட்டார் ஓட்டக் கிளம்புகிறவன், முனகிக்கொண்டு படுத்திருப்பவனைவிடத் தெளிவானவன் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பழமொழி ஏன் இத்தனை காலம் பிழைத்தது? அதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. பீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் என்றால் ஒயினில் சுமார் பன்னிரண்டு. பீர் குடித்துப் பழகிய கை அதே வேகத்தில் ஒயினையும் எடுத்தால் கணக்குத் தப்பாமல் என்ன செய்யும்? கலந்தவன் பெரும்பாலும் கூடுதலாகக் குடித்தவனாகவும் இருக்கிறான். கூடுதல் மறந்துபோகிறது, கலப்பு ஞாபகத்தில் நிற்கிறது.

பழமொழியில் ஓர் அபாயமும் உண்டு. வரிசை சரியாக இருந்தால் பயமில்லை என்று நம்புகிறவன் இன்னொரு கிளாஸ் கேட்பான். அவன் ஈரலோ எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று பார்ப்பதில்லை. வந்து சேர்ந்த மொத்தத்தைத்தான் அது கணக்கில் எழுதிக்கொள்கிறது.