காற்றலை வேட்டை – 9: காட்டிக்கொடுத்த கம்பி

ரேடியோவை அணைத்து வைத்துவிட்டால் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் எப்படிப் பிடிப்பார் என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்ற கவலையே அவருக்கு இல்லை. 1933-ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தில், லைசென்ஸ் இல்லாமல் பெட்டியை வைத்திருப்பதே அன்று குற்றம். முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம், மறுபடி சிக்கினால் 250 வரை. அதிகாரம் பெற்ற அலுவலர் வீட்டைச் சோதனை போடலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டும் போகலாம். "அது மச்சான் கொண்டுவந்து வைத்தது" என்ற கதையும் எடுபடாது. வீடு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் வசம்தான் பெட்டியும் என்று நீதிமன்றம் கொள்ளலாம்.

சரி, எந்த வீடு என்று தெரிய வேண்டுமே?

இங்கிலாந்தில் 1952-லேயே வேன் கிளம்பிவிட்டது. அந்த நாட்டு டி.வி.யில் படம் வரைய, வினாடிக்கு 10,125 தடவை துடிக்கும் காந்தப்புலம் உண்டாகும். அதைத் தெருவில் நின்றே வேன் மோப்பம் பிடித்தது.

தர்மபுரிக்கு எதற்கு வேன்? சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-இல் தனி மாவட்டமான வறண்ட பூமி இது. சென்னையும் திருச்சியும் இலங்கையும் வால்வு ரேடியோவில் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், ஓட்டுக் கூரைக்கு மேலே இரண்டு மூங்கிலை நட்டு, நடுவே செம்புக் கம்பி இழுக்க வேண்டும். தெருமுனையிலேயே தெரிந்துவிடும். துணி காயப்போடும் கொடி என்று சமாளிக்கலாம்தான். கொடியின் இரண்டு முனையிலும் யார் பீங்கான் குமிழ் கட்டுவார்கள்?

மீதி வேலை தபால் ஆபீஸ் பேரேட்டில். வருடத்துக்கு 15 ரூபாய் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கியவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கும். கூரையில் கம்பி இருந்து, பேரேட்டில் பெயர் இல்லையென்றால் கதவு தட்டப்படும். இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை, கண்ணும் கணக்கும்தான்.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. பேட்டரியில் ஓடியது, ஏரியல் உள்ளுக்குள்ளேயே ஒரு ஃபெரைட் குச்சியாக ஒடுங்கிவிட்டது. கடலைக்காட்டு வரப்பில் பாடும், ஆள் வருவது தெரிந்தால் துண்டுக்குள் போய்விடும். சட்டம் அப்படியே இருந்தது, கூரைகள்தான் காலியாகிவிட்டன.

ஏய்த்தவர்களின் நிம்மதி நீடிக்கவில்லை. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது. இந்தப் புதுப் பெட்டிக்கு லைசென்ஸ் 50 ரூபாய். அதன் ஏரியலோ துண்டுக்குள் அடங்குகிற சாதியில்லை!

(தொடரும்)