கண் தாவும்போது எழும் அலை: முதலில் கண்டது யார்?

விழித்திருக்கும் மனிதரின் கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் தாவுகிறது. எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து கடலுக்குப் போகிறவரைக் கவனியுங்கள். நீரின் நிறம், பறவை வட்டமிடும் இடம், வலையின் மிதவை, எதிரே வரும் வள்ளம் என்று அவர் பார்வை ஓயாமல் மாறும். ஒவ்வொரு தாவலுக்கும் மூளை என்ன பதில் சொல்கிறது? அந்தப் பதிலை முதலில் பதிவில் கண்டது யார்? இதைத் தெரிந்துகொள்ளவே பழைய ஆய்விதழ்களைத் தேடத் தொடங்கினேன்.

மூளையின் மின்னலைகளை அளக்கும் ஈ.ஈ.ஜி. ஆய்வுகளில் பெரும்பாலானவை கண்ணை அசையவே விடுவதில்லை. திரையின் நடுவிலுள்ள புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். கண் அசைந்த பகுதிகளை வெட்டி எறிந்துவிடுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. விழிக்கே சொந்த மின்னழுத்தம் இருக்கிறது: அதன் முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். எமில் டு புவா-ரேமோன் 1849இல் இதை ஒரு மீனின் கண்ணில் கண்டறிந்தார். கண் திரும்பினால் இந்த மின்னழுத்தம் பதிவில் பெரிதாக விழும். மூளையின் சிறிய அலை அதற்குள் அமுங்கிப் போகும்.

ஆகவே அண்மைக்கால ஆய்வு ஒன்றில் தொடங்கி, அடிக்குறிப்புகளைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தேன். வாக்கியங்களை இயல்பாக வாசிப்பவரின் கண்ணசைவையும் ஈ.ஈ.ஜி.யையும் ஒருசேர அளந்து ஓலாஃப் டிமிகென் குழுவினர் 2011இல் வெளியிட்ட கட்டுரை அது. அங்கிருந்து 2008க்குப் போனேன். மூளையின் அதிவேக அலை என்று பலர் நம்பியிருந்த ஒரு பதிவு, உண்மையில் நுண்ணிய கண் தாவல்களின்போது கண் தசைகளிலிருந்து வருவதுதான் என்று ஷ்லோமித் யுவால்-கிரீன்பெர்க் குழுவினர் அவ்வாண்டு காட்டினர். அப்படியானால், கண்ணோடு சேர்ந்து வரும் அலைகளில் மூளைக்கு உரியது எது?

விடை 1950களின் தொடக்கத்தில் இருந்தது. 1953இல் ஈவன்ஸ் எழுதிய கட்டுரை லாம்டா அலைகளைப் பற்றியது. அதற்கும் முன்னே, 1951இல், பிரான்சின் மார்செய் நகரத்து இவெட் கஸ்தோ அதே அலையை விவரித்திருந்தார். ஒருவர் படத்தை ஆர்வத்தோடு பார்க்கும்போது, பின்மண்டையில் வைத்த மின்முனைகளில் சிறிய பாய்மரப் பாய் போன்ற கூரிய அலைகள் எழுகின்றன.

இது கண்ணின் மின்சாரம் அல்ல என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. விழியின் மின்னழுத்தம் நெற்றிப் பக்கத்தில் ஓங்கியிருக்கும். இந்த அலையோ விழிக்குத் தொலைவான பின்மண்டையில் ஓங்குகிறது. அறையை இருட்டாக்கினால், கண் அசைந்தாலும் அலை மறைகிறது. முகத்துக்கு நேரே வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்தாலும் மறைகிறது. கண் தாவினால் மட்டும் போதாது, தாவிய இடத்தில் பார்ப்பதற்கு உருவம் இருக்க வேண்டும். புதிதாக வந்து விழும் காட்சிக்கு மூளையின் பார்வைப் புறணி தரும் பதில்தான் இந்த அலை.

கஸ்தோ என்ற பெயர் என்னை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. இவெட்டின் கணவர் ஹென்றி கஸ்தோவும் என். என். தாஸும் 1950களில் யோகிகளின் மூளை அலைகளைப் பதிந்தனர். டெல்லியில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் 1961இல் தம் யோகி ஆய்வை வெளியிட்டனர். சமாதி நிலையில் இருந்தவர்களிடம், ஓய்ந்திருக்கும்போது எழும் ஆல்ஃபா அலையை ஒளி வெட்டுகளும் கலைக்கவில்லை என்பது அவர்கள் கண்டது. அங்கே தேடப்பட்டது புறத்தை விட்டு விலகிய மனம். புறத்தைத் துருவும் கண் அல்ல.

இன்று அகச்சிவப்புக் கேமரா கண்ணின் இடத்தை நொடிக்குப் பல நூறு முறை குறிக்கிறது. பார்வை நிலைகொள்ளும் கணம் ஒவ்வொன்றையும் ஈ.ஈ.ஜி.யில் அடையாளமிடலாம். ஒரு பார்வைக்கான அலை அடங்குமுன் அடுத்தது தொடங்கிவிடும் சிக்கலுக்கும் வழி பிறந்திருக்கிறது: ஒன்றன்மேல் ஒன்று படியும் அலைகளைக் கணக்கிட்டுப் பிரிக்கும் மென்பொருளை பெனடிக்ட் எஹிங்கரும் டிமிகெனும் 2019இல் வெளியிட்டனர்.

என் தீர்ப்பு இதுதான். இயல்பாகப் பார்க்கும் மூளையை அளப்பது புதிய துறை அன்று. அதன் அடித்தளத்தில் இவெட் கஸ்தோவின் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லியே பாடம் தொடங்க வேண்டும். இத்துறைக்கு வரும் நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கண் அசைந்த பதிவுகளை வெட்டி எறியாதீர்கள். புள்ளியை வெறித்திருக்கும் மூளையை நிறையவே அளந்தாயிற்று. கடலைப் பார்த்துப் பிழைக்கிறவரின் மூளையையும் அளந்து பாருங்கள்.