டீசல் வண்டியின் பல்லைப் பார்த்தல்



சந்தையிலே உழவு மாடு வாங்கச் செல்லும் கமக்காரர், விற்பவர் கூறும் வயதை அப்படியே நம்பிவிடுவதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பார். பயன்படுத்திய மோட்டார் வண்டி ஒன்றை வாங்குவோருக்கும் இந்த விவேகம் வேண்டும். ஆனால் டீசல் எஞ்சின் பூட்டிய வண்டிக்குப் பல் எங்கே இருக்கின்றது? இதற்கு விடை காண, அந்த எஞ்சின் பிறந்து வளர்ந்த வரலாற்றை நோக்குதல் நன்று. காலத்துக்குக் காலம் அறிஞர்கள் அதற்குப் புதிய வலிமைகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு வலிமையுடனும் ஒரு நோயும் சேர்ந்தே வந்தது. வாங்குவோர் தேட வேண்டியது அந்த நோய்களையே.

ருடோல்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரிற் பிறந்தவர், பெற்றோர் ஜெர்மானியர். 1870ஆம் ஆண்டிற் பிரான்சுக்கும் ஜெர்மானிய அரசுகளுக்குமிடையே போர் மூண்டபோது அக்குடும்பம் பாரிசை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர் ஜெர்மனியிலே கல்வி கற்றுப் பொறியியலாளரான டீசல், தம் காலத்து நீராவி எஞ்சின்களின் ஊதாரித்தனத்தைக் கண்டு மனம் பொறுக்காதவரானார். நிலக்கரி தந்த வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை அவை வீணே போக்கின. இதற்கு அவர் கண்ட பரிகாரம் எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை நாம் அறிவோம். அழுத்தப்படும் காற்றுச் சூடேறும் என்பதே அதன் காரணம். சிலிண்டருக்குள்ளே காற்றை மட்டும் இழுத்து, பிஸ்டனால் அதனை மிகக் கடுமையாக அழுத்திவிட்டால், தீப்பொறியின் உதவியின்றியே எரிபொருள் பற்றிக்கொள்ளுமன்றோ?

இவ்வெண்ணத்துக்கு 1893ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டே ஓக்ஸ்பேர்க் நகரத் தொழிற்சாலையிலே முதற் சோதனை நடைபெற்றது. அழுத்தம் தாங்காது அளவுகருவி வெடித்துச் சிதறியது. எனினும் காற்றின் சூட்டினாலேயே எரிபொருள் பற்றும் என்பது உறுதியாயிற்று. 1897ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பேராசிரியர் ஷ்ரோட்டர் முன்னின்று நடத்திய சோதனையிலே, எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதத்தை அந்த எஞ்சின் வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்து எந்த எஞ்சினும் அதற்கு நிகராகவில்லை. ஆயினும் அதனைப் படைத்தவர் நெடுங்காலம் இன்புற்றிருக்கவில்லை. கடன் தொல்லையிற் சிக்கியிருந்த டீசல், 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் அன்ட்வேர்ப் துறையிலிருந்து இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலே ஏறினார். மறுநாட் காலையில் அவர் அறை வெறுமையாயிருந்தது. சில நாட்களின் பின் அவருடைய உடல் கடலிலே காணப்பட்டது.

தீப்பொறியின்றி, அழுத்தத்தினால் மட்டுமே உயிர்பெறும் எஞ்சின் இது. ஆதலின் நாம் பார்க்க வேண்டிய முதற் பல் அழுத்தமே. பெற்றோல் எஞ்சின் காற்றை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக ஒடுக்கும். டீசல் எஞ்சினோ 15இல் ஒரு பங்கு முதல் 22இல் ஒரு பங்கு வரை ஒடுக்கவேண்டும். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவர்களும் தேய்ந்துவிட்டால் இது கைகூடாது. சூடாயிருக்கும் எஞ்சினிலே இந்தக் குறை மறைந்திருக்கும்; குளிர்ந்திருக்கும்போது வெளிப்பட்டுவிடும். ஆகையால் டீசல் வண்டியைப் பார்க்க அதிகாலையிற் செல்லுங்கள். எஞ்சின் மூடியின் மேற் கை வைத்துப் பாருங்கள். நீங்கள் வருமுன்னரே அது சூடாக்கப்பட்டிருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். முன்சூடாக்கும் விளக்கு அணைந்த பின் திறப்பைத் திருப்பினால், நலமுள்ள எஞ்சின் விரைவிலே எழும். நீண்ட நேரம் சுழன்று, நடுங்கி, வெண்புகை கக்கியே எழுமாயின், அழுத்தக் குறைவோ, முன்சூடாக்கும் குச்சிகளின் பழுதோ, எரிபொருட் குறையோ இருக்கலாம்.

புகையின் நிறத்தையும் வாசிக்கப் பழகவேண்டும். நீலப் புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் மிகுந்து காற்றுக் குறைந்ததைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குட் புகுவதன் அறிகுறியாகலாம். எண்ணெய் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்சவேண்டாம். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவிலே கறுப்பது இயல்பு. அது பால் கலந்த கோப்பிபோற் காணப்பட்டாலே அஞ்சவேண்டும், நீர் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

டீசலின் முதல் எஞ்சின் ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரமானது. எரிபொருளை உட்செலுத்துவதற்கே தனியான காற்றழுத்தி தேவைப்பட்டது. அது தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் பொருந்தியது, காருக்குப் பொருந்தவில்லை. இந்தத் தடையை நீக்குவதற்குப் பெரிதும் உதவியவர் ஸ்ருட்கார்ட் நகரத்து றொபேர்ட் பொஷ். அவருடைய தொழிற்சாலை 1927ஆம் ஆண்டு முதல், எரிபொருளை நுண்ணிய அளவிலே, உரிய கணத்திலே செலுத்தும் சிறிய பம்பைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. 1936ஆம் ஆண்டு பேர்லின் கண்காட்சியிலே மேர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் டீசல் கார் வைக்கப்பட்டது. அதன் வலு 45 குதிரைவலுவே. ஆயினும் அதனையொத்த பெற்றோல் கார் நூறு கிலோமீற்றருக்கு 13 லீற்றர் குடித்த இடத்திலே, இது 9 லீற்றருடன் நின்றது. வாடகைக் கார் ஓட்டுவோர் அதனை விரும்பி வாங்கினர். 1940ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ இரண்டாயிரம் கார்கள் செய்யப்பட்டன.

பொஷ்ஷின் பம்பு வலிமையைத் தந்தது. கூடவே ஒரு மென்மையையும் தந்தது. அதன் பாகங்கள் தலைமயிரினும் நுண்ணிய இடைவெளியுடன் பொருந்தியவை. அவற்றுக்கு உராய்வு நீக்கும் எண்ணெயும் டீசலேதான். டீசலில் நீரோ தூசியோ கலந்தால் அவை அரிக்கப்படும். மலிவு கருதி மண்ணெண்ணெய் கலந்தால் பசைத்தன்மை குறைந்து அவை தேயும். எனவே எரிபொருள் வடிகட்டி கடைசியாக எப்பொழுது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். நீரைப் பிரிக்கும் கிண்ணம் இருப்பின், அதன் அடியிலே தேங்கியதைச் சிறிது வடித்துப் பார்க்கச் செய்யுங்கள். நீரும் துருவும் வருமாயின், அந்த வண்டி எவ்வாறு பேணப்பட்டது என்பதை வேறு எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

டீசல் எஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்ற புகழ் வீணானதன்று. 1976ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மேர்சிடிஸ் 240 டி கார் ஒன்றைக் கிரேக்க நாட்டு வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் வாங்கினார். வாங்கும்போதே அது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் ஓடிய பழைய கார். அவரோ அதனை 46 இலட்சம் கிலோமீற்றர் வரையில் ஓட்டினார். 2004ஆம் ஆண்டில் அது அக்கம்பனியின் அரும்பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்தது. ஆனால் இக்கதையின் மறுபாதியையும் கேட்கவேண்டும். அந்தத் தூரத்தை ஒரே எஞ்சின் ஓடிவிடவில்லை. எஞ்சின்களைக் கழற்றிச் செப்பனிட்டு, மாற்றி மாற்றிப் பொருத்தியே அவர் ஓட்டினார். நெடுவாழ்வு எஞ்சினுக்கு இயல்பாக வாய்ப்பதன்று, பேணுதலால் வாய்ப்பது.

விற்பனையிலே ஏமாற்று நுழைவதும் இந்தப் புகழின் வழியாகவே. மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய டீசல் வண்டியும் பார்வைக்கு நன்றாகவே ஓடும். தூரமானியைப் பின்னோக்கித் திருப்பி ஒரு இலட்சம் என்று காட்டினால் நம்புவோர் பலர். அமெரிக்கா 1972ஆம் ஆண்டிலேயே இதனைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது எனின், அக்கேடு எவ்வளவு பரவியிருந்தது என்பதை உணரலாம். பற்சக்கரங்களுக்குப் பதிலாக மின்னணு மானிகள் வந்த பின்னரும் இது ஒழியவில்லை. தூரமானியை மட்டும் கேட்காதீர்கள். பிரேக் மிதியின் இறப்பரையும், சுக்கானின் தோலையும், சாரதியின் ஆசனத்தையும் கேளுங்கள். சேவை நிலையப் பற்றுச்சீட்டுகளில் எழுதப்பட்ட தூரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

டீசல் கார் சிக்கனமானது, ஆனால் மந்தமானது என்ற குறையைப் போக்கியது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தினாலேயே ஒரு சில்லைச் சுழற்றி, மிகுதியான காற்றை எஞ்சினுக்குட் செலுத்தும் கருவி அது. 1978ஆம் ஆண்டில் மேர்சிடிஸ் 300 எஸ்டி கார் இதனுடன் விற்பனைக்கு வந்தது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேலும் சுழலவல்ல அச்சிலே இயங்கும் டர்போவுக்கு எண்ணெயே உயிர். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றாதவரிடம் அது நெடுநாள் வாழாது. ஓட்டிப் பார்க்கும்போது ஊளையிடும் ஒலி கேட்டாலும், மேட்டிலே ஏறும்போது நீலப் புகை தோன்றினாலும், மெக்கானிக்கைக் கொண்டு அதன் குழாயைக் கழற்றிப் பார்ப்பியுங்கள்.

1997ஆம் ஆண்டிலே அல்ஃபா றோமியோ 156 காருடன் வேறொரு முறை பயணிகள் கார்களிற் புகுந்தது. ஒரே பொதுக் குழாயிலே டீசலை மிகுந்த அழுத்தத்துடன் தேக்கிவைத்து, கணினியின் ஆணைப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் தெளிக்கும் முறை அது. தொடக்கத்திலே வளியழுத்தத்தின் 1,300 மடங்குக்கு மேலிருந்த அழுத்தம், பின்னாளில் 2,000 மடங்கையும் கடந்தது. டீசலின் பழைய தடதடப்புக் குறைந்தது, வலுவும் கூடியது. ஆனால் பழைய பம்பு பொறுத்துக்கொண்ட அழுக்கை இந்த நொசில்கள் பொறுக்கமாட்டா. அவற்றை மாற்றுஞ் செலவு சிலவேளை எஞ்சினையே திறந்து செப்பனிடுஞ் செலவுக்கு நெருங்கும். ஆகவே இத்தகைய வண்டியைக் காதால் மட்டும் சோதித்தல் போதாது. கணினிக் கருவி உள்ள கராஜுக்குக் கொண்டுசென்று, ஒவ்வொரு நொசிலும் எவ்வளவு டீசலைத் திருப்பி அனுப்புகின்றது என்பதை அளக்கச் செய்யுங்கள்.

அடுத்து வந்தது புகையைப் பற்றிய கவலை. 2000ஆம் ஆண்டிலே பேஜோ 607 கார், கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டியுடன் வெளிவந்தது. பிடித்த கரியை ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்கி, அவ்வடிகட்டி தன்னைத் தானே துப்புரவாக்கும். அத்தகைய வெப்பம் நெடுஞ்சாலையிலே எளிதாகக் கிடைக்கும். பாடசாலைக்கும் கடைக்குமாக நகரத்துக்குள்ளே சிற்றோட்டம் ஓடும் வண்டிக்குக் கிடைப்பதில்லை. அங்கே வடிகட்டி அடைபடும். எரியாத டீசல் வடிந்து எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய் அளக்கும் கோலிலே மட்டம் மேற்கோட்டையும் தாண்டியிருந்தால் இதனை ஐயுறவேண்டும். சிலர் வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டு வெற்றுக் குழாயை ஒட்டிவிடுவதும் உண்டு. அடியிலே புதிய வெல்டிங் தழும்பு உண்டா என்று பாருங்கள்.

பெரிய கம்பனியின் சொல்லையும் சோதித்தே ஏற்கவேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்து, வீதியிலே விட்டுவிடும் மென்பொருளை வொக்ஸ்வாகன் தன் டீசல் கார்களிற் பொருத்தியிருந்தது அவ்வாண்டு செப்டெம்பரில் அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் கார்களில் அது இருந்தது. ஆக்கியோரே இவ்வாறு செய்தனர் எனின், விற்போரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வாங்குதல் எங்ஙனம் தகும்?

இது வெறும் இயந்திர விஷயமன்று. பொருளியலறிஞர் ஜோர்ஜ் அகெர்லொஃப் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் ஐயுற்றுக் குறைந்த விலையே கொடுப்பார். அவ்விலைக்கு நல்ல காரைக் கொடுக்க மனமில்லாதவர் சந்தையை விட்டு விலகுவார். முடிவிலே எஞ்சுவன தீயவையே என்றார் அவர். 2001ஆம் ஆண்டில் நொபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர்களுள் அவரும் ஒருவர். ஒளிவின்றிச் சோதிக்க இடங்கொடுக்கும் விற்பனையாளர் தமக்கும் நன்மை செய்துகொள்கின்றார் என்பதும் இதனாற் பெறப்படும்.

நம் நாட்டிலே இந்தப் பாடத்தைப் பலர் அரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே பழைய வாகனங்களின் விலை வானளாவ உயர்ந்தது. காணியை ஈடுவைத்தும், நகையை விற்றும், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய பணத்தைத் திரட்டியும் ஒரு வானை வாங்கி, அதன் உழைப்பிலே வாழ நினைக்கும் குடும்பத்துக்கு, எஞ்சின் ஒன்று கெடுவது ஓர் ஆண்டின் சோறு கெடுவதாகும். ஆதலின் பத்திரங்களையும் எஞ்சினைப் போலவே சோதியுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியிற் பொறிக்கப்பட்டவையோடு பொருந்துகின்றனவா? லீசிங் கம்பனி எதனுடையதேனும் பெயர் முழு உரிமையாளராகப் பதிவாகியுள்ளதா? புகைப் பரிசோதனைச் சான்றிதழ் முறையாகப் பெறப்பட்டுள்ளதா? இவற்றிலே ஒன்று பிழைத்தாலும் எஞ்சினின் நலம் பயன்படாது.

இறுதியாக ஒன்று. நீங்கள் அறிந்த நல்ல மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய ஒருநாட் கூலியைச் செலவென்று எண்ணாதீர்கள். உங்கள் தேவையையும் எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவருக்கும் சுமை ஏற்றுபவருக்கும் டீசல் உற்ற துணை. வாரத்திலே இரண்டு நாள் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருபவருக்குப் பெற்றோல் வண்டியே போதும். விற்பவர் அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படவேண்டாம். குளிர்ந்த காலையிலே, ஆறிய எஞ்சினை, பொறுமையுடன் எழுப்பிப் பாருங்கள். ருடோல்ஃப் டீசல் தம் எஞ்சினுக்கு இட்ட முதற் சோதனையும் அதுவே: தீப்பொறியின்றித் தானே பற்றுகின்றதா? நீங்கள் இடவேண்டிய முதற் சோதனையும் அதுவேயாகும்.