பேமிட் காணியும் பெயர்ப்பலகையும்

தர்மபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டு, இப்போது ரொறன்ரோவில் உணவுக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சலில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். தமது கடையின் பெயரில் வேறு நகரங்களிலும் கடை நடத்த முன்வருவோரை அவர் தேடுகிறார். அத்தகையோரைக் கவரும் இணையத்தளத்தை எப்படி அமைப்பது என்பதே கேள்வி. நிறத்தையும் படத்தையும் பற்றிக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் பல்லாண்டுகள் பத்திரிகையில் விளம்பரப் பக்கங்களையும் வணிகச் செய்திகளையும் அருகருகே பார்த்தவன் என்ற முறையில், இத்தொழிலின் வரலாறு அவருக்குப் பயன்படும் என எண்ணுகிறேன்.

ஃபிரான்சைஸ் என்றால் என்ன என்பதை வன்னி மக்களுக்கு விளக்குவது எளிது. அவர்களுக்கு உறுதிக் காணியும் தெரியும், பேமிட் காணியும் தெரியும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரச காணியைப் பெற்றவர் அதைத் துப்புரவாக்கிப் பயிரிட வேண்டும். அனுமதியின்றி விற்க முடியாது. நிபந்தனை மீறினால் அனுமதிப்பத்திரம் இரத்தாகலாம். வியர்வை குடியேற்றவாசியுடையது, காணி அரசுடையது. ஃபிரான்சைஸும் ஏறத்தாழ அப்படித்தான். முதலும் உழைப்பும் கடைக்காரருடையவை. பெயர்ப்பலகையும் செய்முறையும் மற்றவருடையவை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலகையைக் கழற்ற வேண்டிவரலாம்.

இந்த ஏற்பாட்டின் நவீன வடிவம் தையல் இயந்திரத்தோடு தொடங்கியது எனலாம். 1850களில் அமெரிக்காவின் சிங்கர் நிறுவனத்திடம் நல்ல இயந்திரம் இருந்தது, நாடெங்கும் கடை திறக்கப் பணம் இல்லை. எனவே குறிப்பிட்ட பிரதேசங்களில் விற்கும் உரிமையை அது பணத்துக்கு விற்றது. பின்னர் வசதி வந்ததும் அந்த உரிமைகளில் பலவற்றைத் திரும்ப வாங்கித் தன் சொந்தக் கிளைகளை அமைத்தது. 1877இல் அந்நிறுவனம் இலங்கைக்கும் வந்தது.

1899இல் சட்டனூகா நகரத்து வழக்கறிஞர்கள் இருவர், கொக்கா கோலாவைப் போத்தலில் அடைத்து விற்கும் உரிமையை ஒரு டொலருக்குப் பெற்றனர். அந்த ஒரு டொலரும் வசூலிக்கப்படவில்லை என்பர். போத்தல் வியாபாரத்தில் உரிமையாளருக்கு அவ்வளவு நம்பிக்கையின்மை! அந்த உரிமையை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்ததில்தான் பானம் உலகை வலம் வந்தது.

இவர்களைவிட என் மனத்தில் நிற்பவர் மார்த்தா மட்டில்டா ஹார்ப்பர். கனடாவில் பிறந்து, சிறுவயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். சேமித்த பணத்தில் 1888இல் நியூயோர்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் கூந்தல் பராமரிப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1891 முதல் தம் பெயரில் கிளைகள் திறக்க அனுமதித்தபோது, தம்மைப் போன்ற உழைக்கும் பெண்களையே தேர்ந்தெடுத்தார். பயிற்சி தந்தார், விளம்பரம் செய்தார், கிளைகளை மேற்பார்வை செய்தார். உச்சக் காலத்தில் ஏறத்தாழ ஐந்நூறு நிலையங்கள் அவர் பெயரில் இயங்கின. அவர் வருவோர்க்கெல்லாம் உரிமையை விற்கவில்லை, ஆளைப் பார்த்துக் கொடுத்தார்.

ஆளைப் பாராது விற்ற காலமும் வந்தது. 1960களில் அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் மோகம் பரவியது. மின்னி பேர்ள் என்ற நகைச்சுவை நடிகையின் பெயரில் கோழிப்பொரியல் கடை உரிமைகள் நூற்றுக்கணக்கில் விற்பனையாயின. திறந்த கடைகளைவிட விற்ற உரிமைகளே அதிகம். கோழி விற்ற வருமானத்தைக் காட்டிலும் உரிமை விற்ற பணமே கணக்கில் இலாபமாகத் தெரிந்தது. பங்கு விலை ஏறியது, பிறகு சரிந்தது. பத்தாண்டு முடிவதற்குள் கூடாரம் கலைந்தது. இழந்தவர்களில் சேமிப்பைக் கொட்டியவர்களும் இருந்தனர்.

இத்தகைய இழப்புகளின் பின்னரே சட்டம் விழித்தது. 1970இல் கலிபோர்னியா மாநிலம் முதலில் சட்டம் இயற்றியது. 1979இல் அமெரிக்க மத்திய அரசின் விதி நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கு ஒப்பந்தத்துக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே 23 தலைப்புகளில் விவரம் தர வேண்டும். செலவு எவ்வளவு, நிறுவனத்தின் மீது என்ன வழக்குகள், எத்தனை கடைகள் திறந்தன, எத்தனை மூடின, அண்மையில் விலகியவர்கள் யார் என்பனவெல்லாம் அதில் அடங்கும். கடைக்காரர் இவ்வளவு சம்பாதிப்பார் என்று சொல்வது கட்டாயமில்லை. சொன்னால் அதற்கு நியாயமான ஆதாரம் இருக்க வேண்டும்.

நம் வாசகர் வாழும் ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டின் ஆர்தர் விஷார்ட் சட்டம் உள்ளது. அங்கும் 14 நாள் அவகாசம் உண்டு. விவர ஆவணம் அறவே தரப்படாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கெனத் தனிச்சட்டம் கிடையாது. பொதுவான ஒப்பந்தச் சட்டமே துணை.

இனி இணையத்தளத்துக்கு வருவோம். அழகிய முகப்பும் சிரிக்கும் குடும்பப் படமும் பலரை அழைத்துவரும். ஆனால் தேவை பலரல்லர், தகுந்த சிலரே. தொடக்கக் கட்டணம் எவ்வளவு, கடை அமைக்க எவ்வளவு, மாதந்தோறும் செலுத்த வேண்டிய பங்கு எவ்வளவு என்று முதற்பக்கத்திலேயே எழுதிவிட்டால், வசதியில்லாதவர் தாமே விலகுவார். அது இருவருக்கும் நன்மை. இப்போது கடை நடத்துவோர், அவர்கள் சம்மதத்துடன், தம் அனுபவத்தைத் தம் சொற்களில் கூறட்டும். மூடிய கடை இருந்தால் அதன் எண்ணிக்கையையும் போடுங்கள். அதை மறைத்தவரை விசாரித்து அறிபவரே நீங்கள் தேடும் நல்ல பங்காளி; அவரை இழக்கலாகாது. எத்தகைய உழைப்பு வேண்டும், யாருக்கு இத்தொழில் ஒத்துவராது என்பதையும் சொல்லுங்கள். தமிழிலும் எழுதுங்கள். கையெழுத்திடப் போகும் பலர் வீட்டில் மனைவியோடும் பெற்றோரோடும் கலந்து பேசுவது தமிழில்தான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2009 ஜனவரியில் போர் தர்மபுரத்தை எட்டியபோது, மக்கள் வீட்டையும் காணியையும் விட்டுக் கிழக்கே நடந்தனர். அந்த மண்ணிலிருந்து புலம்பெயர்ந்தவர்களின் கையிலுள்ள சேமிப்பு, இரவு வேலையிலும் சீட்டுக் காசிலும் மீண்டும் திரட்டியது. ஊரவன் என்ற நம்பிக்கையில் அவர்கள் ஒப்பந்தத்தை வாசிக்காமலே கையெழுத்திடக் கூடும். அந்த நம்பிக்கை விற்பவருக்கு இலாபமாகத் தெரியலாம். உண்மையில் அது அவருடைய கடன்.

பேமிட் எடுத்த நம் முன்னோர், காணியின் எல்லையையும் நீர் வரும் வாய்க்காலையும் நடந்து பார்த்த பின்பே காடு வெட்டினர். வாங்குபவர் அப்படி நடந்து பார்ப்பதற்கு வழிவிடும் தளமே நல்ல தளம்.