ஈப்போவில் தொடங்கிய நோயும் அதன் கணக்கும்

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் ஒன்று தோன்றியது. அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் நாட்டில் 265 பேர் நோயுற்றனர். அவருள் 105 பேர் மாண்டனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் அதனைக் கருதினர். தடுப்பூசி போட்டனர், கொசுப்புகை அடித்தனர். ஆனால் அக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கு விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். சீனர் மிகுதி; இந்தியத் தொழிலாளரும் இருந்தனர். கொசு தொழில் பார்த்துக் கடிப்பதில்லை. இந்த எளிய ஐயம் வலுப்பெறுவதற்குள், பேராக்கிலிருந்து தெற்கே விற்கப்பட்ட பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானை அடைந்துவிட்டது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங் புதிய நச்சுயிரியைக் கண்டறிந்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நீப்பாவின் பெயர் அதற்கு இடப்பட்டது. நீப்பா என்பது கூரை வேயும் அத்தாப்புக்கு ஓலை தரும் ஆற்றோரப் பனை. தொடங்கிய ஊர் ஈப்போ. பெயர் பெற்ற ஊர் வேறு. பெயரை வைத்து வரலாறு தேடும் மாணவர் இங்கே வழி தவறுவர்.

பழந்தின்னி வௌவாலிடமிருந்து இந்நச்சுயிரி பன்றிக்கு எவ்வாறு வந்தது? 1997இல் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வௌவால்களைப் பண்ணைப் பழமரங்களுக்குத் துரத்தியது என்ற விளக்கம் விரைவில் பரவியது. நாமும் நெடுநாள் அதனையே நம்பினோம். மாணவர்க்குச் சொன்னதும் உண்டு. ஆயினும் பழைய மருத்துவப் பதிவுகளைத் திரும்பப் பார்த்தபோது, முதற்பண்ணையோடு தொடர்புடைய மனித நோய் 1997 சனவரியிலேயே இருந்தமை தெரிந்தது. புகைமூட்டமோ அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்தது. விளைவு காரணத்துக்கு முந்த இயலாது.

இதற்கு விடை தேடியது கணிதம். நோய்ப்பரவலைச் சமன்பாடாக்கும் முறை 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகியோர் எழுதிய கட்டுரையால் நிலைபெற்றது. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். அக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்த்ததும் பம்பாயின் பிளேக் எண்ணிக்கைகளையே. அம்முறை விலங்குகளுக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் அமெரிக்கச் சாம்பல் அணில் வந்தபின் உள்நாட்டுச் செவ்வணில் பெரும்பாலான இடங்களில் மறைந்தது. உணவுப் போட்டியே காரணம் எனப் பலர் எண்ணினர். தாம்ப்கின்ஸ், வைட், பூட்ஸ் மூவரும் 2003இல் வெளியிட்ட கணக்கில், போட்டி மட்டும் அவ்வளவு விரைவாகச் செவ்வணிலை அழித்திராது என்பது தெரிந்தது. சாம்பல் அணில் நலிவின்றிச் சுமக்கும் அம்மை நச்சுயிரி செவ்வணிலைக் கொல்வதையும் சேர்த்தால்தான் நடந்தது விளங்குகிறது.

ஈப்போவின் கணக்கை ஜூலியட் புல்லியமும் பிறரும் 2012இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 30,000 பன்றிகளைக் கொண்ட அப்பண்ணையில் கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்த பழம் கீழே விழ, பன்றி உண்ணும். முதன்முறை புகுந்த நச்சுயிரி மந்தை முழுதும் விரைந்து பரவி, பற்றுவதற்குப் புதிய உயிரின்றித் தானே அணைந்துவிடும். இரண்டாம் முறை புகுந்தபோது நிலைமை வேறு. முன்னர் நோயுற்றுத் தேறிய தாய்ப்பன்றிகளின் குட்டிகள் தாயிடம் பெற்ற காப்பைச் சில மாதங்களில் இழந்து, ஒவ்வொன்றாக நோய்க்கு இரையாகும். வைக்கோற்போர் ஒரேயடியாக எரியாமல் உமிபோலப் புகைந்துகொண்டிருந்தது எனலாம். எதிர்ப்பாற்றல் இருந்தால் நோய் ஓயும் என்னும் நம் பொதுஅறிவுக்கு இது முரண். பகுதி எதிர்ப்பாற்றலே நோயை நிலைக்கச் செய்தது. மந்தை சிறிதாயின் இது நடந்திராது. இவ்விடத்தில் எம் கருத்து ஒன்று: புகைமூட்டத்தைப் பழிப்பது எளிது, அது வெளியிலிருந்து வந்தது. மாமரமும் பெரும்பண்ணையும் நாம் வகுத்தவை.

நோயை அடக்கப் பத்து இலட்சம் அளவுக்குப் பன்றிகள் கொல்லப்பட்டன. கொட்டகையருகே பழமரம் நிற்கலாகாது என்றாயிற்று. 1999க்குப் பின் இந்நாட்டு மனிதரிடையே நீப்பாக் கொள்ளைநோய் எழவில்லை. வௌவால்களிடம் நச்சுயிரி இன்னும் இருக்கிறது.